சீவுளியும் முதுசமும்: மன்னார்க் கரையின் தொழில் வரலாறு பற்றி ஒரு குறிப்பு

பழம்பொருள் பேணுதல் என்றதும் எமது ஆய்வாளர் மனம் கல்வெட்டையும் ஏட்டையும் நாணயத்தையுமே முதலில் நாடுகின்றது. மன்னார்ப் பிரதேசத்தைப் பொறுத்தவரை இதற்கு நியாயமும் உண்டு. மாந்தையில் 1980 தொடக்கம் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடைபெற்ற அகழ்வுகள் சீனத்திலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் வந்த மட்கலங்களை வெளிக்கொணர்ந்தன. இப்பகுதிக் கத்தோலிக்க நாடக ஏடுகளைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்தமையால் 'என்றிக் எம்பரதோர்', 'மூவிராசர்' ஆகியன செல்லுக்கு இரையாகாது தப்பின. ஆனால் அக்கூத்துகள் ஆடப்பட்ட மேடையின் பலகையைச் சீவியவன் கையில் இருந்த கருவி எது, அதை அவன் எங்கிருந்து பெற்றான், அவனுக்குப்பின் அது எவர் கைக்குச் சென்றது என்ற வினாக்களை எழுப்பியோர் அரியர். பாட்டும் கூத்தும் மக்கள் சொத்து என்று ஏற்றுக்கொண்ட எமது புலமை, உளியையும் வாளையும் அவ்வாறு ஏற்கத் தயங்கிற்று.

இக்குறிப்பு ஒரு சீவுளியைப் பற்றியது. எமது குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கைமாறி வந்தது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளமுடைய பாலை மரக்கட்டை. நடுவே சரிவாக வெட்டிய வாய். அதில் ஆப்பினால் இறுக்கப்பட்ட இரும்பு அலகு. கட்டையின் மேற்புறம் எப்போதோ பச்சை மையால் பூசப்பட்டு, பூச்சின்மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருந்தது. வாயின் ஓரம் சிதைந்து, பின்புறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பும் ஓடியிருந்தது. பல்கலைக்கழகக் கண்காட்சியொன்றில் வைக்கும் நோக்குடன் பெரியப்பாவிடமிருந்து இதனை இரவல் பெற்றோம். மன்னார்த் தீவின் வடகரைக் கிராமம் ஒன்றில் இன்றும் தச்சுவேலை செய்பவர் அவர். எமது தந்தையார் உத்தியோகம் பார்த்தவர்; நாமோ ஆணி அடிக்கவும் அறியோம்.

சீவுளியோடு ஒரு கதையும் வழிவழியாக வந்தது. எமது பூட்டனார் தலைமன்னார் இறங்குதுறை வேலையில் தச்சராயிருந்தார் என்றும், அவரது வேலைத்திறனை மெச்சிய வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் ஊர் திரும்புகையில் இதனைப் பரிசாக ஈந்தார் என்றும் கூறுவர். சிறுவயதில் இக்கதையைக் கேட்டுப் பெருமிதம் கொண்டவருள் நாமும் ஒருவர். இத்தகைய குடும்பக் கதைகளை வரலாற்று மாணவர் எளிதில் தள்ளிவிடலாகாது, எளிதில் ஏற்றுக்கொள்ளவுமாகாது. எனவே கருவியையே விசாரிக்க முற்பட்டோம்.

முதலிற் பெயரை நோக்குவோம். தமிழகத்தில் இழைப்புளி எனப்படுவது ஈழத்தில் சீவுளி. இரண்டும் உளி என்ற சொல்லிலேயே முடிகின்றன. இது தற்செயலன்று. சீவுளியின் உட்பொருளைப் பிரித்துப் பார்த்தால் அது மரக்கட்டைக்குள் சிறைப்பட்ட ஓர் உளியே. வெறுங்கையால் உளியைப் பிடித்துச் சீவுபவன் ஒவ்வொரு தள்ளுக்கும் ஆழத்தைத் தானே அளக்கவேண்டும். கட்டையின் அடித்தளம் அந்த அளவைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. மனிதக் கையின் திறனில் ஒரு பகுதி கருவிக்குள் இடம்பெயர்கிறது. மேலை உலகில் இது பழமையானது: கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலுள் புதைந்த பொம்பேயிலிருந்தே உரோமரின் சீவுளிகள் கிடைத்துள்ளன. எமது தச்சர் வாய்ச்சியாலும் உளியாலும் நெடுங்காலம் மரத்தை ஒழுங்குசெய்தவர். இக்கருவிக்கு அவர்கள் பெயரிட்டபோது, தாம் ஏற்கெனவே அறிந்த உளியின் இனத்தில் அதனைச் சேர்த்தனர்.

இதன் முக்கியத்துவம் தச்சன் செய்த பொருள்களின் பெயர்களோடு ஒப்பிடுகையில் புலனாகும். மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு, யன்னல், சாவி ஆகியன போர்த்துக்கேயச் சொற்கள். லாச்சி ஒல்லாந்தச் சொல். மன்னாரைப் போர்த்துக்கேயர் 1560இல் கைக்கொண்டனர். 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. புதிய ஆளும் வர்க்கத்தின் வீட்டுக்கு வேண்டிய தளபாடங்களோடு அவற்றின் பெயர்களும் வந்திறங்கின. ஆனால் அத்தளபாடங்களைச் செய்த கருவிகளைப் பாருங்கள்: உளி, வாள், வாய்ச்சி, கொட்டாப்புளி, துறப்பணம், சீவுளி. கதிரைக்குப் பெயரிட்டவன் அதில் அமர்ந்தவன். சீவுளிக்குப் பெயரிட்டவன் அதைத் தள்ளியவன். இதற்கு விலக்கு இல்லாமலில்லை. அலவாங்கு போர்த்துக்கேயச் சொல்லே. எனினும் அது தச்சுப் பட்டறைக் கருவியன்று. கல்லும் மண்ணும் பெயர்க்கும் கருவி. சொற்களை மட்டும் கொண்டு வரலாறு எழுதும் துணிவு எமக்கில்லை. ஆயினும் உழைப்பின் மொழியும் நுகர்வின் மொழியும் ஒரே பட்டறைக்குள் வெவ்வேறு வழியால் வந்து சேர்ந்திருப்பது மனங்கொளத்தக்கது.

இலக்கியத்திலோ தச்சன் வேறொரு வகையில் மறைக்கப்படுகிறான். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தைப் பற்றி ஔவையார் புறநானூற்றில் (87) பேசுகிறார். எத்துணை நுணுக்கமான அவதானம்! நேரத்துக்கும் உழைப்பின் தரத்துக்கும் உள்ள தொடர்பை அப்புலவர் நன்கறிந்திருந்தார். ஆனால் அச்சக்கரம் பாட்டில் வருவது அதியமானின் வலிமைக்கு உவமையாக. தச்சன் வந்த வேகத்திலேயே அரசனுக்கு வழிவிட்டு விலகுகிறான். வீரயுகப் பாடலிடம் வேறெதையும் எதிர்பார்த்தல் முறையன்று. அதனைப் பயிலும் நாம் இரண்டாயிரம் ஆண்டுகளாக உவமேயத்தையே பார்த்து நின்றமைதான் வினாவுக்குரியது.

அலகுக்கு வருவோம். கறளை மண்ணெண்ணெயிலும் புளிநீரிலும் ஊறவைத்துத் துடைத்தபோது ஆங்கில எழுத்துகள் சில தெரிந்தன. உற்பத்தியாளர் பெயர் தேய்ந்துவிட்டது. ஷெஃபீல்ட் என்ற ஊர்ப்பெயரும், வார்ப்புருக்கு என்று பொருள்படும் இரு சொற்களும் எஞ்சியிருந்தன. பக்கவாட்டில் நோக்கினால் அலகு ஒரே உலோகமன்று: மென்மையான இரும்பின் முகத்தில் மெல்லிய உருக்குத் தகடு ஒன்று ஒட்டவைக்கப்பட்டுள்ளது. வெட்டும் முனைக்கு மட்டும் விலைகூடிய உருக்கு, ஏனையதற்கு மலிவான இரும்பு என்ற சிக்கனம் அது. ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் மூசையில் உருக்கு வார்க்கும் முறையை உருவாக்கினார். அந்நகரின் அலகுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியப் பேரரசின் துறைமுகங்கள் தோறும் விலைப்பட்டன. எமது அலகு அந்நூற்றாண்டின் பிற்பகுதியையோ அடுத்ததன் தொடக்கத்தையோ சேர்ந்ததாகலாம். குடும்பத்தில் சிலர் இதனை ஒல்லாந்தர் காலத்தது என்றும் கூறுவர், அது பொருந்தாது.

மூசையுருக்கு இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் புதிதன்று என்பதை இவ்விடத்தில் நினைவூட்டல் வேண்டும். தென்னிந்திய உருக்கின் இரகசியத்தை அறிய மைக்கேல் ஃபரடே 1819 முதல் ஆய்வுகள் செய்தார். இலங்கையின் சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றின் விசையாலேயே எரிந்த இரும்புலைகளை ஜில் ஜுலெஃப் அகழ்ந்து 1996இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை அவை இயங்கியமையைக் காட்டிற்று. உருக்கறிந்த நாடு உருக்கை விலைக்கு வாங்கும் நாடாக மாறிய கதையின் ஒரு சிறு சான்று மன்னார்த் தச்சனின் கையில் இருந்தது. ஆனால் அவன் வாங்கியது அலகை மட்டுமே. ஷெஃபீல்ட் அலகோடு இங்கிலாந்தில் வழமையாகப் பொருந்துவது பீச் மரக்கட்டை. எமது சீவுளியின் கட்டை, மன்னார்ப் பெருநிலத்தின் உலர்காடுகளில் வளரும் பாலை. கடல் ஈரத்துக்கும் கறையானுக்கும் எளிதில் அசையாத மரம். இரும்பு கப்பலில் வந்தது; உடல் இங்கே பிறந்தது. எஞ்சினியர் கதையில் முதல் ஐயம் எமக்கு இங்கேதான் தோன்றிற்று.

பழைய கருவிகளைச் செப்பனிடுவதற்கு இக்காலத்தில் கைந்நூல்கள் பல உள. அவை கூறும் ஒழுங்கு ஏறத்தாழ ஒன்றே: பூச்சை உரித்தல், அடித்தளத்தைத் தட்டையாக்கல், அலகின் முதுகைக் கண்ணாடிபோல் மினுக்கல். அவற்றை ஒழுங்காகப் பின்பற்றினோம். பச்சை மையை அரத்தாளால் தேய்த்துக் கொண்டிருக்கையில், கட்டையின் முன்தலையில் மூன்று கீறல்கள் தென்பட்டன. முதலாவது நிமிர்த்தி வைத்த ஆப்புப் போலவும், இரண்டாவது அதனைக் கவிழ்த்தாற் போலவும், மூன்றாவது ஏழு என்ற எண் போலவும் இருந்தன. தச்சர் பொருத்துகளை அடையாளங்காண இடும் குறிகள் எனக் கருதி மேலும் இரண்டு தடவை தேய்த்தோம். வெட்கத்துடன் இதனை எழுதுகிறோம். மூன்றாவது கீறலின் வால் இப்போது பாதிதான் உள்ளது.

கண்காட்சிக் குறிப்புக்காக எடுத்த நிழற்படத்தைக் கண்ட, இஸ்லாமிய நாகரிகம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் அதனை உடனே வாசித்தார். அவை கீறல்களல்ல, அரபு எண்கள். 786. பிஸ்மில்லாஹ் என்று தொடங்கும் திருவசனத்தின் எழுத்துகளுக்குரிய எண் மதிப்புகளைக் கூட்டினால் வருவது. கடிதத்தின் தலைப்பிலும் கடையின் நிலைப்படியிலும் முஸ்லிம்கள் இதனைப் பொறிப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். ஒரு கத்தோலிக்கத் தச்சர் குடும்பத்தின் முதுசத்தில் அது எவ்வாறு வந்தது?

முதுசம் என்ற சொல்லை எண்ணியே இங்கு ஆள்கிறோம். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. இரத்தவழியாக இறங்கி வருவது முதுசம். காணிக்கும் தோட்டத்துக்கும் பொருந்தும் இப்பகுப்பைத் தொழிற்கருவிக்குப் பொருத்தும்போது ஓர் இடர் எழுகிறது. காணி, உரிமையாளன் உழாவிடினும் அவனுடையதாகவே இருக்கும். சீவுளியோ பயின்ற கையை வேண்டி நிற்கும். மகனுக்குப் பழக்கம் இல்லையெனில் அது வெறும் கட்டை. செயற்படாத கருவி பயனற்றது மட்டுமன்று, துருவுக்கும் உளுவுக்கும் இரையாவது என்பதையும், உயிருள்ள உழைப்பே அதனை மீட்கவல்லது என்பதையும் மார்க்ஸ் மூலதனத்தின் முதற் பாகத்தில் (1867) விளக்கியுள்ளார். அவ்விளக்கத்தை நாம் பலமுறை மாணவர்க்குப் பாடமாக நடத்தியிருக்கிறோம். அதன் பொருள் கறள் படிந்த விரல்களுடன் மேசைமுன் இருந்தபோதே உறைத்தது.

பெரியப்பாவிடம் சென்றோம். நிழற்படத்தை அவர் பார்க்கவில்லை. கட்டையை வாங்கி அடித்தளத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து நோக்கினார்.

"இதைத் தட்டையாக்கப் போறியளோ?"

"அப்பிடித்தான் புத்தகத்திலை இருக்கு, பெரியப்பா."

"தட்டையாக்கினா இது வேறை சீவுளி. இஞ்ச பார் பிள்ளை, முன்னுக்கும் பின்னுக்கும் எழும்பி நடு தாழ்ந்திருக்கு. தேய்ஞ்சதில்லை, செதுக்கினது. வள்ளத்துப் பலகையின்ர உள்வளைவு சீவ."

அதன் பிறகே குறியைப் பற்றிக் கேட்டோம். அவர் வியப்புறவில்லை. "ஓடாவியாற்ற சீவுளி எண்டுதான் அப்பு சொல்லுறவர். அப்புவின்ர தகப்பன் அவரிட்டைத்தானே தொழில் பழகினவர். கை தளர்ந்தாப் பிறகு ஓடாவியார் கூப்பிட்டுக் குடுத்தவராம்." அப்படியாயின் எஞ்சினியர் கதை எங்கிருந்து வந்தது என்று வினவினோம். அவர் சிரித்தார். "அது உன்ர கொப்பர் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின பிறகு வந்தது."

இவ்வொரு வாக்கியத்துக்குள் சமூகவியல் நூலொன்று அடங்கியுள்ளது. எமது குடும்பத்தின் ஒரு கிளை, கைத்தொழிலை விட்டுக் கல்விவழி நடுத்தர வர்க்கத்துள் நுழைந்தபோது, விட்டுவந்த கருவிக்கும் ஓர் உயர்ந்த பிறப்பு வேண்டியதாயிற்று. அதற்கு வரலாற்றுச் சூழலும் கைகொடுத்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. மதவாச்சியிலிருந்து வந்த இருப்புப்பாதை தலைமன்னார் இறங்குதுறையில் முடிந்தது. தீவின் வரலாற்றில் பெருநிகழ்ச்சி அது, மரவேலைக்கும் குறைவிருந்திராது. பூட்டனார் அங்கே கூலிக்கு வேலை செய்திருக்கலாம். ஆனால் இருப்புப்பாதை வேலைக்கு வள்ளத்தின் உள்வளைவைச் சீவும் சீவுளி தேவையில்லை. எஞ்சினியர் கொடுத்தாரெனின், குறி பொறித்த பாலைக் கட்டையை எவ்வாறு கொடுத்தார்? 786 என்ற எண் செய்தவரைச் சுட்டவில்லை, ஒரு காலத்து உடையவரையே சுட்டுகிறது என்று எவரேனும் வாதிடலாம். வாதம் சரியே. எனினும் குறி, அடித்தளத்தின் வளைவு, முதியவரின் வாய்மொழி மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. வெள்ளையனின் பரிசு என்பதில் பெருமை கண்ட குடும்பம், அயல் ஊர் முஸ்லிம் ஓடாவியின் கொடையை மறக்க விரும்பியது. காலனித்துவ மனப்பாங்கு பெரிய நூல்களில் மட்டுமன்றி அடுப்படிக் கதைகளிலும் வாழ்கிறது.

ஓடாவி என்ற சொல்லையும் இங்குக் கவனித்தல் தகும். மரக்கலஞ் செய்யும் தச்சனைக் குறிக்கும் இச்சொல் கரையோர வழக்கில், சிறப்பாக முஸ்லிம் மக்களிடையே, இன்றும் உயிருடன் உள்ளது; மட்டக்களப்புப் பகுதியில் பொதுவாகத் தச்சனையும் குறிக்கும். சாதிப்பெயராக இல்லாமல் தொழிற்பெயராக நிற்பது இதன் சிறப்பு. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலும், அடுத்த ஆண்டின் இந்தியக் கைவினைஞர் பற்றிய நூலும் கைவினையைப் பரம்பரைக் குலத்தின் தருமமாகக் காட்டின. யந்திரப் பண்டங்களின் வெள்ளத்தில் கைவினை அழிவதை அவர்போல் கூர்மையாகக் கண்டவர் அக்காலத்தில் வேறெவரும் இலர். அவர் சேகரித்த தரவுகளின்றி இத்துறையில் நாம் ஓரடியும் வைக்கமுடியாது. ஆயினும் தந்தை மகனுக்கு ஈயும் புனித மரபு என்ற அவரது சித்திரத்தில், பிற மதத்தான் பிள்ளையைத் தன் பட்டறையில் அமர்த்தி, இறுதியில் தன் சீவுளியையே கொடுத்துவிட்ட ஓர் ஓடாவிக்கு இடமில்லை. நிலமானிய சமூகம் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொண்ட கதையை அவர் அதன் நடைமுறையாக எடுத்துக்கொண்டார். நடைமுறையில், வேலை மிகுந்த துறையில் கை தேவைப்பட்டது. கைக்கு உரியவன் எந்தக் கோயிலில் மண்டியிடுகிறான் அல்லது எந்தப் பள்ளியில் தொழுகிறான் என்பது இரண்டாவது கேள்வி. மாந்தைத் துறையில் பாரசீகத்தாரும் சீனரும் தம் சரக்கை இறக்கிய நாளிலும், சிதைந்த பலகையை மாற்றியவர் ஒரே குலத்தவராக இருந்திருப்பர் என எண்ணுவதற்கில்லை.

இதனால் பட்டறை சமத்துவப் பூங்கா என்று நாம் கூறவரவில்லை. மன்னார்க் கரையில் வள்ளமும் வலையும் சம்மாட்டிமாருக்குரியவை. ஓடாவி அவர்கள் கையை எதிர்பார்த்திருந்தான். மீன்பாடு குறைந்தால் பழுதுபார்ப்பு அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும், கூலியும் அவ்வாறே. பாக்கு நீரிணைப் பகுதியின் குடைந்த வள்ளங்கள் மலையாளக் கரையில் பெருமரத்தில் குடையப்பட்டு இங்கு வந்தவை என்பதை ஜேம்ஸ் ஹோர்னல் தமது படகு ஆய்வுகளில் பதிந்துள்ளார். அவற்றுக்கு மேற்பலகை ஏற்றலும் உடைந்த இடத்தை ஒட்டலும் உள்ளூர் வேலை. எமது சீவுளியின் வளைந்த அடி அவ்வேலையின் எழுத்து. 1960களுக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பரவின. நோர்வேத் தொடர்போடு காரைநகரில் எழுந்த சீநோர் படகுத்தளம் வடபகுதியில் இம்மாற்றத்தின் சின்னம். அச்சில் வார்க்கும் படகுக்குச் சீவுளி வேண்டியதில்லை. உற்பத்திச் சக்தியின் வளர்ச்சி என்று இதனை வரவேற்கலாம், கடலில் இறங்குபவனுக்கு அது ஆறுதலும் ஆயிற்று. ஆனால் பழைய தொழிலாளியின் திறன் எங்கே போயிற்று என்பதை எந்த அபிவிருத்தி அறிக்கையும் கணக்கிற் கொள்ளவில்லை. பாட்டனார் வள்ளத்தை விட்டுக் கதவு, யன்னல் நிலைகளுக்கு மாறினார். உள்வளைவுச் சீவுளி மூலைக்குப் போனது.

அதனை மூலையிலிருந்து எடுப்பித்தது 1990. அவ்வாண்டு ஜூனில் மீண்டும் மூண்ட போரில் தீவின் மக்கள் ஆயிரக்கணக்கில் இராமேசுவரத்துக்குக் கடல் கடந்தனர். எமது குடும்பம் ஆவணியில் படகேறிற்று. படகில் ஆளுக்கொரு பொதிதான். பாட்டனார் உடுப்பை விட்டுவிட்டுக் கருவிப் பெட்டியைத் தூக்கினார் என்று பெரியப்பா கூறுவார். கருவி இருந்தால் எந்த ஊரிலும் ஒரு நேரக் கஞ்சி உண்டு என்பது அவர் கணக்கு. மண்டபம் முகாமில் அக்கணக்கு பொய்க்கவில்லை. பிரித்தானியர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலித் தொழிலாளரைத் தடுத்துவைத்துச் சோதிக்க அமைந்த அதே முகாம் அது. இப்போது எதிர்த்திசையில் வந்தோரை ஏற்றது. சீவுளியின் ஆப்பு வழியில் தொலைந்துவிட, சாமான் பெட்டி உடைத்த மரத்தில் பாட்டனார் புதிதாக ஒன்று செய்தார். மென்மரம், அலகை ஒழுங்காகப் பிடிக்காது. அதனுடனேயே பன்னிரண்டு ஆண்டுகள் ஓடின.

ஓடாவியாரின் குடும்பம் வேறு திசையில் போயிற்று. 1990 ஒக்டோபர் இறுதி வாரத்தில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர், அவர்களுள் பெருந்தொகையினர் மன்னார் மாவட்டத்தவர். தீவிலிருந்தோர் படகுகளில் கற்பிட்டிக்குக் கொண்டுபோய் இறக்கப்பட்டனர். எடுத்துச்செல்ல அனுமதிக்கப்பட்டவை மிகச் சொற்பம். கருவிப் பெட்டிகள் பட்டறைகளிலேயே கிடந்தன. தமிழ் முற்போக்காளர் பலர் அன்று இதுபற்றி வாய்திறக்கவில்லை. பேசியோர் மிகச் சிலர். எமது குடும்பத்தார் அதனை மண்டபத்தில் இருக்கும்போது கேள்விப்பட்டனர். "ஓடாவியாற்ற ஆக்களிட்டை ஒரு உளிகூட இல்லாமப் போச்சு, எங்களிட்டை அவற்ற சீவுளி இருந்தது" என்றார் பெரியப்பா. அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

2002 போர்நிறுத்தத்தின் பின் பெரியப்பா ஊர் திரும்பினார். புத்தளத்திலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் பல 2009க்குப் பின்னரே வந்தன. அவற்றுள் ஓடாவியாரின் பேரன் ஒருவரும் இருந்தார். மின்சாரச் சீவுளியும் வாளும் பூட்டிய தச்சுக்கடை ஒன்றை இப்போது அவர் நடத்துகிறார். கண்காட்சி எண்ணத்தைக் கைவிட்டு, பாதி செப்பனிட்ட சீவுளியுடன் பெரியப்பாவும் நாமும் அவரிடம் போனோம். திருப்பிக் கொடுப்பதா, காட்டுவதா, மன்னிப்புக் கேட்பதா என்ற தெளிவு எமக்கிருக்கவில்லை. பெரியப்பா அதனை வேலை மேசையில் வைத்து, "இது உங்கட மூத்தவாப்பாற்ற" என்று மட்டும் கூறினார்.

அவர் குறியைத் தடவிப் பார்த்தார். தேய்ந்த வாலில் விரல் நின்றது. அது எமது வேலை என்று ஒப்புக்கொண்டோம். அவர் அதற்கு மறுமொழி சொல்லாமல் அலகைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அலகு கட்டையில் பொருத்தப்பட்ட நாளில் ஒரு சாணுக்குக் குறையாது இருந்திருக்கும். இப்போது அதில் பாதியும் இல்லை. மற்றப் பாதி தீட்டுக்கல்லில் சேறாகிப் போனது: ஓடாவியார் காலத்தில் எவ்வளவு, பூட்டனார், பாட்டனார் காலத்தில் எவ்வளவு என்று எவராலும் பிரிக்கமுடியாத சேறு. கருவியின் பெறுமதி சிறிது சிறிதாக உற்பத்திப் பொருளுக்குள் கடக்கிறது என்று பொருளியல் நூல் கூறுவதை இங்கே அங்குலக் கணக்கில் அளக்கலாம். முனையில் இன்னும் இரு விரற்கடை உருக்கு மீதமிருந்தது.

"வாய்க்கு ஒட்டுப் போடவேணும், அண்ணன். ஆப்பும் சரியில்லை. ஒரு கிழமை விட்டிட்டுப் போங்க" என்றார்.

ஒரு கிழமை கழித்துச் சென்றபோது, சிதைந்த வாயின் முன் பாலைத் துண்டு ஒன்று மயிரிழையும் தெரியாது பதிக்கப்பட்டிருந்தது. வெடிப்பை அவர் நிரப்பவில்லை. அது மேலும் ஓடாது என்றார். அடித்தளத்தைத் தொடவேயில்லை. அலகு தீட்டப்பட்டு, புதிய ஆப்பு முதிரையில் செய்யப்பட்டிருந்தது. பலகை ஒன்றை வைத்து இரு முதியவர்களும் மாறி மாறித் தள்ளிப் பார்த்தனர். முதல் சீவல் தடித்தது. அலகின் தலையில் ஒரு தட்டு. அடுத்தது வெங்காயத் தோல்போல் சுருண்டு விழுந்தது. எம்மையும் தள்ளச் சொன்னார்கள். அலகு மரத்தில் குத்தி நின்றுவிட்டது.

சீவுளியை யார் வைத்திருப்பது என்பதில் அன்று பேச்சு நீளவில்லை. அவருக்கு மின்சாரச் சீவுளி உண்டு. உள்வளைவு வேலை வந்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கரையில் இன்னும் சில மரவள்ளங்கள் பழுதுக்கு வருகின்றன. அதன்பின் இருமுறை அது அவர் கடைக்குப் போய் வந்திருக்கிறது. கண்காட்சிக்கென நாம் எழுதி வைத்த விவரக் குறிப்பு பயன்படவில்லை. மண்டபத்தில் பெட்டி மரத்தால் செய்யப்பட்ட பழைய ஆப்பு, எவருக்கும் வேண்டாததாகையால், எமது மேசைமேல் இருக்கிறது.